எஞ்சின் தட்டுகிறது, கேட்கிறதா?



திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், மலையின் தென்புறத்தில் ரமணாசிரமம் இருக்கிறது. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின் போதும் அந்தப் பகுதிக்கு வந்து சேரும் கார்களுக்குக் கணக்கே கிடையாது. தமிழ்நாட்டுப் பதிவெண்களோடு கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிப் பதிவெண்களும் கலந்து நிற்கும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கார்களின் பின்புறத்தைச் சற்றுக் கவனியுங்கள். 'டர்போ' என்ற சொல்லோ, 'டி.எஸ்.ஐ.' போன்ற எழுத்துகளோ பலவற்றில் பளபளக்கும். டீசல் வண்டிகளில் டர்போ நமக்குப் பழக்கமானதுதான். பெட்ரோல் கார்களில் அது பரவலானது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான்.

இந்தக் கார்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அமைத்துக் கொடுத்த அளவுக்கு மேல் எஞ்சினை முறுக்கேற்றும் மோகம் இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. 'ரீமேப்' என்கிறார்கள், 'டியூனிங்' என்கிறார்கள். ஒரு மடிக்கணினியைக் காரோடு இணைத்து அரைமணி நேரம் தட்டினால் இருபது, முப்பது குதிரைத்திறன் கூடிவிடுமாம். கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் திறன் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்காமல் எடுப்பது, அதுவும் நம் ஊர் வெயிலில் எடுப்பது, எஞ்சினின் ஆயுளைத் தின்கிற வேலை என்பதே என் கருத்து. நீங்கள் இன்று காரோட்டும் வயதினர் அல்லர். எனினும் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் உங்களில் பலர் ஓட்டப் போகிறீர்கள். சிலர் பழுது பார்க்கப் போகிறீர்கள். ஓரிருவர் எஞ்சினையே வடிவமைக்கப் போகிறீர்கள். ஆகவே உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

முதலில், சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோல் 'வெடிக்கிறது' என்று பலர் சொல்வார்கள். நல்ல எஞ்சினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. கரும்பு வெட்டிய வயலில் சருகுக்கு ஒரு மூலையில் தீ வைத்தால், தீ ஒரு வரிசையாக நகர்ந்து மறு மூலைக்குப் போகிறதல்லவா? அதைப் போலவே ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் பொறியிலிருந்து தீ நாற்புறமும் பரவுகிறது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 20, 30 மீட்டர். சிலிண்டரின் ஓரத்தை அடைய அதற்கு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம் போதும். அழுத்தம் படிப்படியாக உயர்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

இப்போது வயலின் மறு மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். தீ இன்னும் அங்கு வரவில்லை. ஆனால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு விரிவதால், எரியாமல் மீதமிருக்கும் கலவை ஓரத்தில் நசுக்கப்படுகிறது. நசுக்கப்பட்ட வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்களே தொட்டு அறிந்திருப்பீர்கள். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால், தீ வந்து சேருமுன்பே அந்த மூலை முழுவதும் ஒரே கணத்தில் தானாகப் பற்றிக்கொள்கிறது. இதுதான் வெடிப்பு. அழுத்த அலைகள் ஒலியின் வேகத்தில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகின்றன. சாதாரணக் கார் சிலிண்டரில் இந்த அதிர்வு வினாடிக்கு 6,000, 7,000 தடவை நிகழ்கிறது. வெளியே நின்று கேட்பவருக்கு யாரோ சிறு சுத்தியால் இரும்பைத் தட்டுவதுபோல் 'கிண் கிண்' என்று ஒலிக்கும். 'எஞ்சின் நாக் அடிக்கிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன என்று கேட்கலாம். இங்கே ஒரு நல்ல விஞ்ஞானச் செய்தி இருக்கிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரிக்கும் மேல். பிஸ்டன் செய்யப்பட்டிருப்பதோ அலுமினியக் கலவையால். அது 600 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். அப்படியானால் ஒவ்வொரு பிஸ்டனும் முதல் நிமிடத்திலேயே உருகியிருக்க வேண்டுமே? ஏன் உருகவில்லை? பின்பக்கம் எண்ணெய் குளிர்விக்கிறது, சுற்றிலும் தண்ணீர் ஓடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், உலோகத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய வாயுப் படலம். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை ஆட்டாமல் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பழகிவிடும். கையை அசைத்தால் மறுபடி சுடும். கையை ஒட்டியிருந்த ஆறிய நீர் விலகிப் புதுச் சூடு வந்து படுவதுதான் காரணம். வெடிப்பின் அலைகள் பிஸ்டன் தலையில் செய்வதும் அதுவே. காக்கும் படலத்தைச் சுரண்டி எறிந்துவிடுகின்றன. பிறகு உலோகம் அம்மை வடுப்போல் குழி விழுகிறது. பிஸ்டனின் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி முறிகிறது. ஹெட் கேஸ்கட் ஊதிக்கொள்கிறது. கடைசியில் பிஸ்டனில் ஓட்டையே விழுகிறது.

டர்போ இதற்குள் எங்கே வருகிறது? 1905இல் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி என்பவர் காப்புரிமை பெற்ற எண்ணம் அது. வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை இறுக்கி எஞ்சினுக்குள் திணிப்பது. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிகத் திறன். பழைய அம்பாசிடரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்தது. 2013இல் மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த போர்டு எக்கோஸ்போர்ட் காரின் டர்போ எஞ்சின் வெறும் 1 லிட்டர், மூன்றே சிலிண்டர், திறன் ஏறத்தாழ 125 குதிரை! கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு, வேலையோ இரண்டரை மடங்கு. (அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றுபோனது வேறு கதை.)

இந்தச் சின்ன எஞ்சின் மோகத்துக்கு நம் வரிச் சட்டமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டிலிருந்து, 4 மீட்டருக்குக் குறைந்த நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரி குறைவு. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்ட போதும் அதே எல்லைதான்: உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். வரி வசூலிப்பவர் எஞ்சினின் கொள்ளளவை அளக்கிறார். அதற்குள் எவ்வளவு அழுத்தம் திணிக்கப்படுகிறது என்பதை அளப்பதில்லை. கம்பெனிகள் புத்திசாலிகள். கொள்ளளவைக் குறைத்து டர்போவைச் சேர்த்துவிட்டார்கள்.

இறுக்கப்பட்ட காற்று சூடாகும் என்று பார்த்தோம். 40 டிகிரி வெளிக்காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு இறுக்கும்போது அது ஏறத்தாழ 135 டிகிரிக்குப் போய்விடும். அதனால்தான் காரின் முன்புறம் 'இன்டர்கூலர்' என்ற ரேடியேட்டர் போன்ற ஒன்றை வைத்து, ஓடும் காற்றால் அந்தச் சூட்டைத் தணிக்கிறார்கள். ஓடும் காற்றால் என்பதைக் கவனியுங்கள்.

இனி ரமணாசிரமத்துக்கு வரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அது பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக வருகிறது. அதன் உரிமையாளர் ஜனவரி மாதக் காலையில், 20 டிகிரி குளிரில், பெங்களூரில் அதற்கு 'ரீமேப்' செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூனர் பொறி தோன்றும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளினார். டர்போ அழுத்தத்தை ஏற்றினார். தட்டல் இல்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டார். அவர் சரியாகத்தான் பார்த்தார், அந்தக் காலைக்கு. இப்போது மே மாத மதியம், திருவண்ணாமலையில் 40 டிகிரி. இருபது டிகிரி வித்தியாசம்தானே? கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். 20 டிகிரி 293 கெல்வின், 40 டிகிரி 313 கெல்வின். இன்டர்கூலர் காற்றை முழுவதும் வெளிச்சூட்டுக்கே தணித்துவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சிலிண்டரில் கலவை பத்தில் ஒரு பங்காக இறுக்கப்படும்போது கெல்வின் அளவு ஏறத்தாழ 2.24 மடங்காகிறது. முதலாவது 656, இரண்டாவது 701. வெளியே 20 டிகிரியாக இருந்த வித்தியாசம் உள்ளே 45 டிகிரியாகப் பெருகிவிட்டது! தீ பற்றுமுன்பே இந்த நிலை.

இன்னொன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளது; அங்கு காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. 'வெளிக்காற்றைவிட இவ்வளவு அதிகம்' என்று மட்டும் பார்க்கும் மலிவான அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தியிருந்தால், கீழே இறங்கி வந்ததும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தம் தானாகவே கூடிவிடுகிறது. அப்புறம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம். கார் நத்தைபோல் ஊர்கிறது. இன்டர்கூலர் மீது காற்றே படுவதில்லை. அது கொதித்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தைத் தாண்டியதும் செங்கம் சாலை திறந்து கிடக்கிறது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கிறார். எஞ்சினுக்கு அதைவிடப் பொல்லாத நேரம் கிடையாது.

கம்பெனிக்காரர்கள் ஏன் திறனைக் 'குறைத்து' விற்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் விட்டுவைத்த இடைவெளி கஞ்சத்தனத்தால் வந்ததன்று. நாற்பது டிகிரி வெயிலுக்கு ஒரு பங்கு, மலையேற்றத்துக்கு ஒரு பங்கு, தேய்ந்த பிளக்குக்கு ஒரு பங்கு, மட்டமான பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கி வைத்த சேமிப்பு அது. டியூனர் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் உங்களிடம் 'கூடுதல் திறன்' என்று தருகிறார். நேர்மையான டியூனர்களும் உண்டு. டைனமோமீட்டரில் ஏற்றி, புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளந்து, பிளக்கையும் இன்டர்கூலரையும் மாற்றி, பல நாள் வெயிலில் ஓட்டிப் பார்த்துச் செய்பவர்கள் அவர்கள். நான் குறை சொல்வது, எவனோ எந்த நாட்டுக் காருக்கோ எழுதிய கோப்பை அப்படியே ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்பவர்களை.

எஞ்சினுக்குக் காது இல்லையா என்றால், இருக்கிறது. சிலிண்டர் கட்டையில் 'நாக் சென்சார்' ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். வீட்டில் காஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் ஒரு படிகத்தை அடித்ததும் மின்பொறி வருகிறதே, அதே பீசோ மின்விளைவுதான். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது. தட்டலின் அதிர்வு வந்ததும் படிகத்தில் மின்னழுத்தம் எழும்; கணினி உடனே பொறியை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளும். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு சாப் கம்பெனி டர்போவின் அழுத்தத்தையே இந்தக் காதின் சொற்படி கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைத் தன் கார்களில் கொண்டுவந்தது. அருமையான வேலை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1962இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் கார் இதே தொல்லைக்கு வேறு வழி கண்டது. தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே தெளித்துக் குளிர்வித்தார்கள். உரிமையாளர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். இரண்டே ஆண்டில் கார் நின்றுபோயிற்று. மனிதன் மறப்பான் என்பதையும் கணக்கில் சேர்ப்பதுதான் எஞ்சினியரிங். தட்டல் சென்சார் சொல்வதைக் கேட்காதபடி கணினியின் உணர்திறனைக் குறைத்துவிடும் டியூனர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் என்ன சொல்வது!

தட்டலை அடக்க மனிதன் செய்த மிகப் பெரிய தவறும் உங்கள் வயதினரைத்தான் பாதித்தது. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற எஞ்சினியர் 1921 டிசம்பரில், டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் மாண்டார்கள். இருந்தும் உலகமே அதைப் பயன்படுத்தியது; புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ஓர் எஞ்சின் ஓசையை அடக்க உலகம் கொடுத்த விலை, ஏறக்குறைய நூறு ஆண்டு!

ஈயம் போனபின் எரிபொருளின் தட்டல் தாங்கும் ஆற்றலே நமக்குக் காவல். அதைக் குறிக்கும் எண்தான் 'ஆக்டேன் எண்'. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, பெட்ரோலை அவற்றின் கலவையோடு சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு அளக்கிறார்கள். மண்ணெண்ணெயின் எண் மிகக் குறைவு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பவன் பணத்தை மட்டும் திருடவில்லை, எஞ்சினையும் உடைக்கிறான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஊட்டியது இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். கலப்படம் செய்த பங்க் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக, மஞ்சுநாத் சண்முகம் என்ற இந்தியன் ஆயில் இளம் அதிகாரி 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. தட்டலைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. எத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கு மேல், ஆவியாகும்போது கலவையை நன்கு குளிர்விக்கவும் செய்கிறது. ஆனால் லிட்டருக்கு அதிலுள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தெளித்தாக வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய 'ரீமேப்' கோப்போடு, தெளிப்பான்கள் ஏற்கெனவே தம் எல்லையில் இயங்கும் காரில், முழு மிதியில் என்ன ஆகும்? எரிபொருள் போதாமல் கலவை மெலியும். மெலிந்த கலவை சூடேறும். எத்தனால் தந்த நன்மை அங்கேயே கரைந்துவிடும்.

எஞ்சின் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அதிகச் சுமை கொடுக்கும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த சிறு துளிகள் பொறி வருமுன்பே பற்றிக்கொள்வதுண்டு. அதைத் தொடர்ந்து வரும் தட்டல் சாதாரணத் தட்டலைவிடப் பல மடங்கு கொடியது. ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். ஆயிலில் சேர்க்கும் கால்சியச் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டபின், 2020இல் வந்த ஏ.பி.ஐ. 'எஸ்.பி.' தர ஆயிலில் இதற்கெனச் சோதனை சேர்க்கப்பட்டது. நூறு ரூபாய் மிச்சம் என்று பழைய தர ஆயிலை ஊற்றும் வாடகைக் கார் ஓட்டுநரிடம், அவர் வீட்டுப் பிள்ளையான நீங்கள் டப்பாவின் பின்புறத்தைப் படித்துக் காட்டலாம். அவருக்கு அந்த எஞ்சின்தான் சோறு.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெட்ரோல் பங்கில் விலையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆக்டேன் எண்ணையும் எத்தனால் சதவீதத்தையும் ஒவ்வொரு பம்பிலும் அதே அளவு எழுத்தில் போடச் சட்டம் வர வேண்டும். 'ரீமேப்' செய்பவரும், எந்த வெப்பநிலையில், எந்த எரிபொருளில் சோதித்தார் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். எழுத மறுப்பவரிடம் காரை விடாதீர்கள் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

விடுமுறையில் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு, ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சுகளோடும் டர்போ கார் ஒன்றில் போவீர்களானால், கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள். மேல் கியரில் எஞ்சின் திணறும்போது பாறைச் சுவரில் பட்டு 'கிண் கிண்' என்று ஓசை திரும்பி வந்தால், ஓட்டுபவரை ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் கீழ்க் கியருக்கு மாறச் சொல்லுங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றும், சத்தமும் கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், மூலையில் நசுங்கும் வாயு தானாகப் பற்றிக்கொள்ள நேரம் கிடைக்காது. தட்டல் நின்றுவிடும். நிற்காவிட்டால் வண்டியை நிழலில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, அரைமணி ஆறவிடுங்கள்.